சாம்பிள் ஜோடி

எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் சாம்பிள் ஷூ என்றால் தனி மரியாதை. வெளிநாட்டு வியாபாரி கையில் எடுத்துப் பார்ப்பதற்கென்றே செய்வது; தோலும் அசல், தையலும் அசல். ரிஜெக்ட் ஷூவை யார் வேண்டுமானாலும் பஜாரில் வாங்கிப் போடலாம். சாம்பிள் கிடைக்க கம்பெனிக்குள் ஆள் வேண்டும். எனக்கு என் அம்மா இருந்தாள். மாதனூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ் ஏறுகிற பாக்யலட்சுமி, மகள் காட்டுக்கு டூர் போகிறாள் என்று சூப்பர்வைசரை நச்சரித்து வாங்கி வந்த ஜோடி அது. பழுப்பு நிறம், கணுக்கால் வரை உயரம். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அந்த ஷூ நடப்பதற்காகச் செய்ததா என்று மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் விலங்கியல் மூன்றாமாண்டு. மொத்த வகுப்பும் ஒரு வேனில் அடங்கிவிடும். இரண்டு வருடம் இன்பராஜ் சாரின் உயிரை வாங்கித்தான் இந்த டூர் கிடைத்தது. ஆனைமலைப் பக்கம் மழைக்காட்டில் ஒரு நாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடையைக் கடக்கலாம், பாறை ஏறலாம், கடைசியில் இருவாச்சி கூடு வைத்திருக்கும் மரத்தைப் பார்க்கலாம். அந்த மரத்துக்காகத்தான் எல்லோரும் வந்தோம். பெண் பறவை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு குஞ்சோடு இருக்கும், ஆண் பறவை பழம் கொண்டுவந்து வெளியிலிருந்து ஊட்டும் என்று பாடத்தில் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியாகிவிட்டது. கண்ணால் பார்த்தவர் சார் உட்பட ஒருவர்கூட இல்லை.

வேனில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது ஷஹீன் பானு. ஜன்னல் சீட்டுக்காகச் சேலம் வரை சண்டை, பொள்ளாச்சி வரை பேச்சு வார்த்தை கிடையாது. அவளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. எனக்கு அதைவிட ஜாஸ்தி.

காட்டுக்குள் நுழைந்ததும் சண்டை மறந்து போயிற்று. எங்கள் ஊரில் மழை வந்தால் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்போம். இங்கே மழை நின்ற பிறகும் மரங்கள் பெய்துகொண்டிருந்தன. மேலே வானமே தெரியவில்லை. கொடியும் பாசியும் வேருமாக, எங்கே கை வைத்தாலும் ஈரம். ஜான் பாஷா வாயைத் திறந்தால் மூடமாட்டான், அவனே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தான்.

ஓடையைக் கடந்து பாறைமேல் ஏறியபோது என் வலது கால் வழுக்கியது. குனிந்து பார்த்தால், சோல் முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ஓர் அடி எடுத்து வைத்தேன். இடது காலும் பிளந்துகொண்டது.

"டேய், ரெண்டு முதலை!" என்று ஜான் பாஷா கத்தினான்.

அடுத்த நிமிஷம் மொத்த வகுப்பும் என்னைச் சுற்றிக் குந்திவிட்டது. வேறு ஊர்க் கூட்டமாக இருந்தால் ஐயோ பாவம் என்றிருக்கும். எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு ஷூ கம்பெனி ஆள். என் காலை யாரும் பார்க்கவில்லை, ஷூவைத்தான் பார்த்தார்கள்.

"தோலைச் சுரண்டாமயே பசை போட்டுக்கிறாங்க" என்றான் ஒருவன்.

"இல்ல, பசை காயல. பேஸ்டிங்ல எவனோ தூங்கிட்டான்" என்றாள் பூங்குழலி.

"எங்கம்மா பேஸ்டிங்தான்!" என்று கத்திவிட்டேன். அம்மா நின்றுகொண்டே வேலை பார்த்து வீங்கின காலோடு வாங்கி வந்ததை இவர்கள் குறை சொல்வதா என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

ஜான் பாஷா தலையைச் சொறிந்தான். "அப்ப கட்டிங்லதான் தப்பு. எங்கப்பா கட்டிங். அவருதான் தூங்கிருப்பாரு" என்றான்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

ஷஹீன் என் ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். அவள் அண்ணன் சோல் யூனிட்டில் இருக்கிறான். "யார் தப்பும் இல்ல. இது சாம்பிள். வாங்குற பார்ட்டி சோலை மாத்தச் சொன்னா பிரிக்கணும்னு சும்மா பேருக்கு ஒட்டி வெச்சிருப்பாங்க. கண்ணாடி அலமாரில வெக்கிற பீஸ்டி இது" என்றாள்.

எங்களோடு வந்த வழிகாட்டி அண்ணன் என் காலைப் பார்த்துவிட்டு சாரிடம் சொன்னார். "இந்தப் பொண்ணு இதோட நடக்க முடியாதுங்க. வெறுங்காலோட விடவும் மாட்டேன். நான் ஒரே ஆளு. போனா எல்லாரும் போகோணும், திரும்புனா எல்லாரும் திரும்போணும்."

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர்கள் மேலே போகும் பாதையைப் பார்த்தார்கள். இரண்டு வருஷக் கெஞ்சலும் என் காலடியில் பிளந்து கிடந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. "நான் இங்கியே குந்தினு இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். காட்டில் தனியாக விடமாட்டோம் என்றார் அண்ணன்.

ஜான் பாஷா கர்ச்சீப்பால் கட்டிப் பார்த்தான். இரண்டடியில் நழுவியது.

ஷஹீன் பாறைமேல் உட்கார்ந்து தன் வலது ஷூவின் லேசை உருவ ஆரம்பித்தாள். "ஆம்பூர் ஆளுங்க ஷூ பிஞ்சிடுச்சின்னு திரும்பிப் போனா ஊர்ல தலை காட்ட முடியுமா? எடுங்க எல்லாரும். ஆளுக்கு ஒரு லேஸ்."

உருவினார்கள். ஒருவர் பாக்கியில்லை. சாரும் உருவினார். லேசுகளை ஒன்றோடொன்று முடிந்து நீளமாக்கி, சோலுக்கு அடியில் கொடுத்து, மேலே பின்னி, கணுக்காலைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டாள் ஷஹீன். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பின்னால் அண்ணன் ஏதோ சொல்வதும் இவர்கள் பதில் சொல்வதும் ஓடைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

"நட பாப்போம்" என்றாள் ஷஹீன்.

நடந்தேன். மலையே புரண்டாலும் அவிழாத கட்டு. மற்றவர்கள்தான் ஒரு காலில் தொளதொள ஷூவோடு தத்தித் தத்தி வந்தார்கள்.

அந்த மரத்தடியில் மூச்சை அடக்கி நின்றோம். முதலில் சிறகுச் சத்தம், தலைக்கு மேல் யாரோ பாய் உதறுகிற மாதிரி. பிறகு அது வந்து உட்கார்ந்தது. அவ்வளவு பெரிய மஞ்சள் அலகு. பொந்தின் இடுக்கிலிருந்து ஓர் அலகு நுனி வெளியே நீண்டது. ஆண் பறவை தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்து எடுத்து ஊட்டியது. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷஹீன் என் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள்.

இறங்கிவந்து காட்டை ஒட்டிய கொட்டகையில் உட்கார்ந்து எல்லோரும் ஷூவைக் கழற்றினார்கள். எல்லோருடைய சாக்சும் ரத்தத்தில் நனைந்திருந்தது. ஒரு காலில் மட்டும். லேஸ் கொடுத்த காலில். அட்டைகள் குடித்துக் கொழுத்து உருண்டு விழுந்தன.

"அப்பவே சொன்னனுங்க" என்றார் அண்ணன். "லேசைக் கழட்டுனா அட்டை உள்ளாற பூந்துரும்னு. பரவால்லண்ணா, அவ கிட்ட சொல்லாதீங்கன்னு எல்லாரும் ஒரே பேச்சா சொல்லிப்போட்டாங்க."

என் முடிச்சுகளை நானே அவிழ்த்தேன். என் இரண்டு காலிலும் ஒரு கடிகூட இல்லை.

வாளியில் தண்ணீர் மொண்டு வந்து ஷஹீன் முன்னால் உட்கார்ந்து அவள் வலது காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏய், இன்னா பண்றே? கால விடுடி, பேஜார் பண்ணாத."

"சும்மா இரு" என்றேன். கழுவக் கழுவ ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அவள் கால் முடிந்ததும் ஜான் பாஷாவின் பக்கம் வாளியை நகர்த்தினேன்.