இரண்டு பக்கத்துக்கும் ஒரே கை

பல் செட் செய்கிற வேலையில் பாதி, காத்திருப்பதுதான். டாக்டர் அனுப்பிய பல் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றிவிட்டால் அது இறுகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல் உடைந்து கையோடு வந்துவிடும். எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. அந்த நேரத்தைத் தள்ளத்தான் சதுரங்க மெஷின் என் மேஜைக்கு வந்தது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். ஏதோ ஓர் அலுவலகத்தைக் காலி செய்தபோது, குப்பையோடு போகவிருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார். சதுரங்கத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத மெஷின். பலகைதான் அதன் உடம்பு. காய் இருந்த கட்டத்தையும் போகிற கட்டத்தையும் அமுக்கினால் நம் ஆட்டம் அதற்குப் புரியும். அப்புறம் அது யோசிக்கும். யோசித்து முடித்ததும் பலகையின் ஓரத்தில் சின்னச் சிவப்பு விளக்குகள் எரிந்து, எந்தக் காய், எங்கே என்று காட்டும். அதற்குக் கை கிடையாது. அதன் காயையும் நான்தான் நகர்த்த வேண்டும். என்னை வெட்ட வருகிற குதிரையை நானே தூக்கி வந்து, என் சிப்பாயை நானே வெளியே எடுத்து வைக்க வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. விளக்கு எரிந்தால் கை தானாகப் போகும்.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து மேஜைமேல் படுத்துக்கொள்ளும். மாவுத்தூசி அந்த வெளிச்சத்தில் மெல்ல மிதக்கும். இறுகுகிற மாவில் இளஞ்சூடு ஏறும். ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு மறு கையால் ஆடுவேன். கண் சொக்கும். தூங்குகிறேனா ஆடுகிறேனா என்று எனக்கே தெரியாத மத்தியானங்கள் உண்டு. ஒருமுறை கட்டங்களுக்குள் நான் நடந்துபோகிற மாதிரி கனவு. வெள்ளைக் கட்டங்கள் காலுக்குச் சூடாகவும் கறுப்புக் கட்டங்கள் குளிர்ச்சியாகவும் இருந்தன. தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு நடந்தும் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. விழித்துப் பார்த்தால் மெஷின் எப்போதோ ஆடிவிட்டுக் காத்திருந்தது.

அதற்கு அலுப்பு கிடையாது. நான் தோற்றால் கேலி செய்யாது, நன்றாக ஆடினால் தலையாட்டாது. நான் எவ்வளவு அழகாக ஆடினாலும் பார்க்க ஆளில்லை. எனக்கு எதிரே ஒரு மனுஷர் வேண்டியிருந்தது.

மனுஷர் இல்லாமலும் இல்லை, அடுத்த அறையிலேயே மாமனார் இருந்தார். ஒரு காலத்தில் கிளப்பில் அவர் பலகை முன்னால் உட்கார்ந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுமாம். எங்களோடு வந்து தங்கிய பிறகு அவர் ஒரு காயைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. கைகளைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டு ரேடியோ கேட்டபடி சாய்ந்திருப்பார். சாப்பாடும் தன் அறையில்தான், கதவைச் சாத்திக்கொண்டு. பெரிய மனுஷத் திமிர் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இருந்தாலும் ஆசை விடவில்லை. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“மாமா, ஒரு ஆட்டம் ஆடலாமா?”

“அந்த மெஷினை ஜெயிச்சியா?”

“ஜெயிச்சிருக்கேன் மாமா.”

“எந்த லெவல்ல?”

 நான் ஜெயித்த கீழ் லெவலில் அதைக் குழந்தைகூட ஜெயிக்கும்.

“கடைசி லெவல்ல ஜெயிச்சிட்டு வாம்மா. அப்புறம் ஆடலாம்.”

கழற்றிவிடப் பார்க்கிறார் என்று புரிந்தது. எனக்கு வீம்பு வந்துவிட்டது.

கடைசி லெவலில் மெஷின் ஒரு காய்க்கு விளக்கு காட்டுவதற்குள் நான் ஒரு வரிசைப் பல்லை மெழுகில் பதித்துவிடுவேன். அவ்வளவு யோசிக்கும். யோசித்துவிட்டு என்னைத் துவைத்துக் காயப்போடும். வீட்டுக்காரருக்கு ஒரே கொண்டாட்டம்.

“பிளக்கைப் பிடுங்கினாலும் அது உன்னை ஜெயிச்சிடும் போலிருக்கே,” என்றார்.

“உங்க லிஃப்ட் மாதிரி பாதியில நிக்காது, அதைச் சொல்லுங்க,” என்றேன்.

தோற்றுத் தோற்றுத்தான் அதன் குணம் பிடிபட்டது. பலகை திறந்து கிடந்தால் அதை அசைக்க முடியாது. ஒரு சின்ன ஓட்டை கிடைத்தாலும் உள்ளே நுழைந்துவிடும். ஆனால் சிப்பாய்களெல்லாம் நேருக்கு நேர் முட்டி நின்று வழி அடைந்துவிட்டால் அதற்குத் திக்குத் திசை தெரியாது. யானையை மூலைக்கு அனுப்பும், திரும்ப அழைக்கும். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய், யாருமில்லை என்று திரும்பி வருகிற மாதிரி. அதோடு கொஞ்சம் பேராசையும் உண்டு. சும்மா கிடைக்கிற சிப்பாயை விடவே விடாது.

அப்படித்தான் ஒரு மத்தியானம் நடுப்பலகை முழுவதையும் அடைத்தேன். அதன் யானை போய் வந்துகொண்டிருக்க, நான் காய்களை ஒவ்வொன்றாக என் சிப்பாய்களுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பொறுமை இல்லாத நான்தான் இதைச் செய்கிறேனா என்று எனக்கே ஆச்சரியம். எல்லாம் வந்து சேர்ந்ததும் ஒரு சிப்பாயை அதன் ராஜா பக்கத்தில் நீட்டினேன். மெஷின் நெடுநேரம் யோசித்தது. விளக்கு எரிந்தது. சிப்பாயை எடுத்துக்கொண்டது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த வழியாக என் யானை உள்ளே போயிற்று. கடைசியில் மெஷின் தோற்றுப்போய், நீளமாக ஒருமுறை கூவிவிட்டு அடங்கிப்போனது. வயிற்றுக்குள் குளிர்ந்த தண்ணீர் இறங்கின மாதிரி இருந்தது எனக்கு.

மாமனாரைக் கூப்பிட்டேன். போர்வையோடே வந்து, நின்றபடி பலகையைப் பார்த்தார்.

“இந்தப் பக்கத்துச் சிப்பாயை வேணும்னேதானே குடுத்தே?”

“ஆமா மாமா.”

“ம். நல்லா இருக்கு.”

என் ஆட்டத்தை முதல்முறையாக ஒருவர் பார்த்திருக்கிறார். கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவர், “இன்னொரு நாள் ஆடலாம்மா,” என்று திரும்பினார். எனக்குச் சுருக்கென்றது.

“சொன்ன சொல் என்ன ஆச்சு மாமா?”

 திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார். மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே பலகையில் காய்களை அடுக்கி, வெள்ளையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். போர்வை அசையவில்லை. வெகுநேரம் கழித்து வலது கை வெளியே வந்தது. அது சிப்பாயைத் தொடுவதற்கு முன்பே ஒரு மந்திரியும் குதிரையும் சரிந்து தரையில் உருண்டன. கை நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரில் நடுங்குகிற நடுக்கம் இல்லை அது. கை மறுபடி போர்வைக்குள் போய்விட்டது.

சாத்திய கதவும் ரேடியோவும் எனக்கு அப்போதுதான் புரிந்தன. எதை நான் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

“கிளப்புல ஒரு நாள் என் ராஜாவையே தட்டி விட்டுட்டேன்,” என்றார், பலகையைப் பார்த்துக்கொண்டே. “நான் தோல்வியை ஒத்துக்கிட்டேன்னு நினைச்சு எதிர்ல இருந்தவன் கை குடுத்தான். ஜெயிக்கிற ஆட்டம்மா அது.”

“சொல்ல வேண்டியதுதானே மாமா, கை பட்டுடுச்சுன்னு?”

“எப்படிச் சொல்றது? நானும் கை குடுத்துட்டு வந்துட்டேன்.”

நான் குனிந்து காய்களைப் பொறுக்கி அதனதன் இடத்தில் வைத்தேன். “நீங்க சொல்லுங்க, நான் வைக்கிறேன்.”

“என் ஆட்டத்தையும் நீயே ஆடுவியா?”

“மெஷினுக்கு வைக்கலையா? இந்தக் கைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.”

அவர் என் கையைப் பார்த்தார். மாவு காய்ந்து நகமெல்லாம் வெள்ளை. “ராஜா முன்னாடி இருக்கிற சிப்பாய். ரெண்டு கட்டம்,” என்றார்.

ஆடினோம். வெயில் மேஜையைவிட்டு இறங்கிச் சுவரோரம் போய்விட்டது. பழக்கதோஷத்தில் ஒருமுறை அவர் சொல்வதற்கு முன்பே அவருடைய மந்திரியை நகர்த்திவிட்டேன்.

“ஏம்மா, நான் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கலையே. இருந்த இடத்துலயே வை.”

திட்டு வாங்குவது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வழக்கம்போல நடுப்பலகையை அடைக்கப் பார்த்தேன். “இதெல்லாம் மெஷின்கிட்ட வச்சுக்கோ,” என்று ஒரு குதிரையைப் பலி கொடுத்து அடைப்பை உடைத்துவிட்டார். அப்புறம் என் ராஜாவுக்கு ஓட இடமில்லை.

“என் ராணியை எடும்மா. உன் ராஜாவுக்கு நேர் முன்னாடி வை.”

எடுத்தேன். வைப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது, ஆட்டம் முடிந்தது என்று. நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய இரண்டு கைகளும் மேஜைமேல் இருந்தன, நடுங்கியபடி. அது அவர் நினைவிலேயே இல்லை.

“என்ன, வைக்க மனசு வரலையா?”

வைத்தேன். என் ராஜாவைச் சாய்க்கக் கையை நீட்டினேன்.

“இரு,” என்றார். “அதை மட்டும் நான் பண்றேன்.”

அந்தக் கை பலகைக்கு மேலே ஆடி ஆடி வந்தது. நான் உதவவில்லை. என் ராஜா விழுந்தது, கூடவே பக்கத்தில் இருந்த யானையும் சிப்பாயும்.

“யானையும் போச்சு,” என்று சிரித்தார்.

“போகட்டும் மாமா,” என்றேன்.