மருந்தடித்த நாள்

சூரியகாந்தியில் புழு விழுந்ததும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருந்தடிக்காவிட்டால் பயிர் போய்விடும். அடித்தால் வரப்போரம் தம்பி பெட்டிகளில் வளர்க்கும் தேனீக்கள் சாகும். சொல்லாமல் அடிக்க மனம் வராமல் அவனிடம் போய் நின்றாள்.

"காலையில அடிச்சுக்கோக்கா. நான் பெட்டியெல்லாம் மூடி வைக்கிறேன்" என்றான்.

விடியுமுன் பெட்டி வாசல்களை ஈரச் சாக்கால் அடைத்தான். அவள் மருந்தடித்தாள். பயிர் பிழைத்தது. ஆனால் பகல் வெயிலில் இரண்டு பெட்டித் தேனீக்கள் புழுங்கிச் செத்துவிட்டன. அவன் அவற்றைக் கைநிறைய அள்ளியபோது அக்கா அருகில் வந்து நின்றாள்.

"என்னாலதானேடா?"

"நீ சொல்லாம இருந்திருந்தா மொத்தமும் போயிருக்கும். இனிமே பொழுது சாஞ்சு, தேனீ கூடடைஞ்சப்புறம் அடிச்சுக்கோக்கா."

தலையாட்டிவிட்டு, கீழே சிதறியவற்றை அவளும் குனிந்து அள்ளினாள்.