எவாரிஸ்தோ பிப்ஸ் நடந்து வந்த சுற்று

1974ஆம் ஆண்டு கரும்பு வெட்டு தொடங்கியபோது எவாரிஸ்தோ பிப்ஸ் ஊராரைவிட ஏழு நிமிடம் முன்னால் இருந்தான். அவன் ஊரான சான் பெத்ரோவில் சர்க்கரை விலை ஏறியதும் அந்த மாதம்தான்.

அவன் நண்டுகள் அணியின் பேஸ்பால் ஆட்டக்காரன். ஒரே ஆளிடம் சேராத இரண்டு வரங்கள் அவனிடம் சேர்ந்திருந்தன. மட்டையை வீசினால் பந்து வேலி தாண்டிக் கரும்புக்காட்டில் போய் விழும். முதல் தளத்தில் நின்றால், எதிரணிக்காரன் பந்தை வீசி முடிப்பதற்குள் இரண்டாம் தளத்துக்கு ஓடி அதைத் திருடிவிடுவான். நூறு முறை ஓடினால் இரண்டு முறை பிடிபடுவான். ஒவ்வொரு திருட்டும் அவனை இரண்டொரு நிமிடம் முன்னே தள்ளியது. உடம்பு இங்கேயே இருக்கும். கண்ணும் காதும் நாக்கும் முன்னே போய்விடும். அப்படி வேலி தாண்டி ஹோம் ரன் அடித்தால் யாரும் துரத்தாததால் நான்கு தளங்களையும் சாவகாசமாகச் சுற்றி வருவான். அந்தச் சுற்றில் எவ்வளவு நேரம் நடக்கிறானோ, இழந்ததில் அவ்வளவு திரும்பிவிடும். மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் மட்டும் அவன் நேரமும் ஊர் நேரமும் ஒன்றாகவே இருந்தன. ஏனென்று யாரும் விசாரிக்கவில்லை.

கவனித்தவள் அவன் மனைவி நெரெய்தா ஒருத்திதான். ஒரு காலையில் வாழைக்காய் மசியலை வாயில் வைத்தவன் விம்மி விம்மி அழுதான். நெரெய்தா அடுப்பை அணைத்தாள், தூங்கும் மகளின் மூச்சைத் தொட்டுப் பார்த்தாள், கதவைத் தாழிட்டாள். ஏழாவது நிமிடம் கதவு தட்டப்பட்டது: எவாரிஸ்தோவின் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். அன்றிலிருந்து நெரெய்தா கணவனின் முகத்தை, வானத்தைப் பார்க்கிற மீனவன் மாதிரி பார்க்கத் தொடங்கினாள்.

முப்பத்தைந்தாம் வயதில் அவன் தோள் தளர்ந்தது. ஹோம் ரன்கள் குறைந்தன. கால் மட்டும் தளரவில்லை. மூன்று பருவங்களில் அவன் நான்கு மணி நேரம் முன்னே போயிருந்தான். காலைக் காப்பி குடிக்கும்போது மதியப் பீன்ஸில் உப்பில்லை என்பான். நெரெய்தா அணியின் பயிற்சியாளர் டான் லிபோரியோவிடம் போனாள்.

"அவரை ஓடச் சொல்லாதீங்க. இப்படியே போனா என் கைக்கு எட்டாம போயிடுவாரு."

"தோள் போன ஆளும்மா. ஓடவும் இல்லேன்னா எதுக்கு வச்சிருக்கேன், பெஞ்சைத் தேய்க்கவா?"

பருவத்தின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. அன்று பன்னிரண்டு மணிக்கே எவாரிஸ்தோ வீட்டில் உட்கார்ந்தபடி சக ஆட்டக்காரர்களை அதட்டிக்கொண்டிருந்தான். ஒரு மணி ஆகப்போகும்போது பேச்சு சட்டென்று நின்றது. கண் திறந்திருந்தது, உதடு அசையவில்லை. நெரெய்தா தோளைப் பிடித்து உலுக்கினாள். ஒன்றோடு நான்கைக் கூட்டினால் ஐந்து; அந்த ஐந்து மணிக்கு அவன் உயிரோடு இருக்கப்போவதில்லை என்றே அவளுக்குத் தோன்றியது. ஒன்றரைக்கு அவன் கால்கள் பழக்கத்தில் மைதானத்துக்குக் கிளம்பின. அவள் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினாள்.

சுண்ணாம்புக் கோட்டுக்குள் நுழைந்து ஊர் நேரத்துக்கு வந்ததும் அவன் பேசினான். "ஏன் இப்படி வேர்த்திருக்கே?"

"அஞ்சு மணிக்கு நீ பேசமாட்டேங்கிறே, எவா. என்னமோ ஆகப்போகுது. இன்னிக்கு ஓடாதே."

ஏழாம் இன்னிங்ஸில் அவன் முதல் தளத்தில் நின்றபோது லிபோரியோ காதைத் தொட்டுத் திருடச் சைகை காட்டினார். அவன் தளத்தை விட்டுக் காலை எடுக்கவில்லை. லிபோரியோ தொப்பியைத் தரையில் அடித்தார். நெரெய்தா வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக்காரனின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாக நான்கு நிமிடம் இருக்கையில், கடைசி இன்னிங்ஸில், ஆட்டம் சமநிலையில் இருந்தபோது அவன் அந்தப் பருவத்தின் ஒரே ஹோம் ரனை அடித்தான். அடித்துவிட்டு நடந்தான். அடிமேல் அடி வைத்து, குதிகாலில் விரலை ஒட்டி, வாயைத் திறக்காமல் நடந்தான்.

"ஏய் பிப்ஸ், கல்யாண ஊர்வலமா போறே?" என்று கூச்சல் எழுந்தது. எதிரணியினர் நடுவரைச் சூழ்ந்தார்கள். நடுவர் விதிப் புத்தகத்தை இருமுறை புரட்டினார். "தளத்தைத் தொடணும்னுதான் போட்டிருக்கு. எப்போன்னு போடலையே."

ஐந்து மணி வந்தது. அவன் முதல் தளத்தை நோக்கி ஐந்தாறு அடிதான் வைத்திருந்தான்; பேசாமல் நடந்துகொண்டிருந்தான். மதியம் தான் கண்ட மௌனம் இதுதான் என்று புரிந்ததும் நெரெய்தா முதன்முறையாக உட்கார்ந்தாள்.

ஜனங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியோடு திரும்பி வந்தார்கள். இரண்டாம் தளத்தருகே மழை பெய்தது. மூன்றாம் தளத்தருகே லிபோரியோ கூடவே நடந்து வைது பார்த்தார்; பிறகு களைத்துத் தன் குடையை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பதாக ஒரு நிமிடம் இருக்கையில் அவன் கடைசித் தளத்தை மிதித்தான். நண்டுகள் ஜெயித்தன. மைதானத்து விளக்குகள் அணைந்தன.

அவன் கொஞ்சம் அதிகமாகவே நடந்துவிட்டான். அன்றிலிருந்து எவாரிஸ்தோ பிப்ஸ் ஊரைவிட மூன்று நிமிடம் பின்னால் இருக்கிறான். டாமினோ மேசையில் எல்லாரும் சிரித்து முடித்து அடுத்த ஆட்டத்துக்குக் காய் கலைக்கும்போது அவன் சிரிக்கிறான்; கலைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறார்கள். கெட்ட சேதி வந்தால் நெரெய்தா அவனுக்கு முன்பே அதைக் கேட்டுவிடுகிறாள், அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.