பாதித் தொட்டி

விமானங்களுக்குத் தண்ணீர் நிரப்புவது என் வேலை. குறுந்தூர விமானங்கள் பெரும்பாலும் பாதித் தொட்டித் தண்ணீரோடுதான் திரும்பி வரும். அந்த வீண் சுமையைத் தூக்கிப் பறக்கவும் எரிபொருள் செலவாகிறது. மாலை வகுப்பில் அதைப் படித்த சூட்டில், பாதி நிரப்பினால் போதுமே என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்திருக்க வேண்டாமோ என்று அன்றிலிருந்து யோசனை.

"இன்னைக்கு ஒரு விமானம் மட்டும். நடுவுல குழாய் காஞ்சுதுன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது," என்றார்.

பாதி மட்டும் நிரப்பினேன். அளவுமானியை இரண்டு முறை பார்த்தேன், நம்பாமல் மறுபடியும் பார்த்தேன். விமானப் பணியாளர்களுக்குத் தெரியட்டும் என்று சமையல் மேடையில் ஒரு சீட்டும் ஒட்டினேன்: 'தண்ணீர் பாதிதான் உள்ளது.'

விமானம் திரும்பியபோது தொட்டியில் இன்னும் தண்ணீர் இருந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தேன். உள்ளே துப்புரவு வேலையில் இருந்த என் சித்தி விமான வாசலிலிருந்து கத்தினாள்.

"மேடம், கொஞ்சம் மேல வாங்க! உங்க சாதனையைப் பாருங்க!"

விமானத்தின் பின்பகுதி முழுக்கத் தண்ணீர் பாட்டில் பெட்டிகள். பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை.

"உன் சீட்டைப் பார்த்து அரண்டுட்டாங்க. பைலட் கொஞ்சம் ஏத்தச் சொன்னாராம், பணிப்பெண் கொஞ்சம், சாப்பாட்டு வண்டிக்காரன் தன் பங்குக்குக் கொஞ்சம்."

"தொட்டியில குறைச்சதைவிட இது அதிகமா இருக்குமோ சித்தி?"

"இருக்குமோவா? என் இடுப்பைக் கேளு, சொல்லும்."

முழுத் தொட்டியில் பாதி எப்போதும் மிஞ்சும், அதனால் இதுவே போதும் என்பதைச் சீட்டில் எழுத எனக்குத் தோன்றவில்லை.

கீழிருந்து சூப்பர்வைசர் குரல் கொடுத்தார். "குழாய் காயலையாமே! நாளையிலிருந்து எல்லாத்துக்கும் பாதிதான்!"

சித்தி பெட்டிகளின் முன்னால் நகர்ந்து நின்று, சும்மா இரு என்று கண்ணைக் காட்டினாள். எனக்கும் சும்மா இருக்கத்தான் ஆசை. ஆனால் நாளை எல்லா விமானத்திலும் இதே பெட்டிகள் ஏறும்.

"சார், ஒரு நிமிஷம் மேல வாங்க."

வந்தார். பார்த்தார். ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"வாயை மூடிட்டு இருந்திருக்கலாமேம்மா."

"இருந்திருக்கலாம் சார்."

"நாளைக்கு முழுசாவே நிரப்பு."

மூவருமாகப் பெட்டிகளை இறக்கினோம். பாதிப் படியில் கேட்டேன்: "அடுத்த தடவை சீட்டு வேண்டாம் சார். பைலட்கிட்ட நானே நேர்ல சொல்லட்டுமா?"

"முதல்ல இதை இறக்கு."

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.