கீழே வைத்த கோப்பை

"வெள்ளிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போயிட்டு வாயேன்" என்றாள் உம்மா. கை திராட்சை இலையை உருட்டிக்கொண்டிருந்தது. கண் இலையைவிட்டு எழவில்லை.

"எதுக்கு?" என்றாள் ருதைனா.

"அவ ஆசைப்படறா. உன்னைப் பார்த்து நாளாச்சாம்."

"மூணு வருஷமாச்சு. சரியா வெள்ளிக்கிழமை… மூணு மணிக்கு… ஆசை வந்துடுச்சா?"

உம்மா அடுத்த இலையை எடுத்தாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத்தான் தங்கை மனாலைப் பெண் கேட்டு ஜாஹா வருகிறது. மாப்பிள்ளை பக்கத்து ஆண்கள் அறுபது பேர். அவர்களுக்குத் தலைமை, பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற துர்கி பாஷா. அரபு நாட்டுக் கரக் ஊரில் அந்தத் தெரு முழுக்க ஒரு வாரமாக இதே பேச்சு.

ருதைனாவுக்கு வயது இருபத்துமூன்று. பிறக்கும்போது மூச்சு முட்டிப்போனதில் கால்கள் விறைத்துவிட்டன. இரண்டு ஊன்றுகோல் வைத்து நடப்பாள். நாக்கும் அப்படித்தான், ஒவ்வொரு சொல்லையும் நின்று நிதானமாகத்தான் வெளியே விடும். அவள் நாலு சொல் சொல்வதற்குள் எதிரில் இருப்பவர்கள் மீதியைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் தப்பாக.

"உம்மா. அவங்ககிட்ட என்னைப் பத்தி… என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன், நல்லாத்தான் சொன்னேன்."

"நல்லான்னா?"

உருட்டின இலையை உம்மா பிரித்து மறுபடி உருட்டினாள். "போன வாரம் மாப்பிள்ளையோட அம்மா பார்க்க வந்தாங்கல்ல. நீ யூனிவர்சிட்டி போயிருந்த. 'வேற பெண் பிள்ளைங்க உண்டா'ன்னு கேட்டாங்க. வாய் தவறி, இல்லன்னுட்டேன்."

"வாய் தவறிப் பொய் வராது உம்மா. உண்மைதான் வாய் தவறி வரும்."

"நான் என்னடி செய்ய? உன்னைப் பார்த்தா, இது ரத்தத்துல இருக்கும்பாங்க. நாளைக்கு மனால் பெத்துக்கறதும் இப்படித்தான் இருக்கும்பாங்க."

"ரத்தம் இல்லன்னு டாக்டர் சொன்னாரே. மூச்சு…"

"மூச்சு முட்டினதுதான், தெரியும். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஊர் என்ன டாக்டரைக் கூட்டிட்டு வந்தா கேட்கப் போவுது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நம் பக்கம் சொல்வோம். கரக்கில் முழு ஆட்டையே சோற்றின்மேல் எல்லோரும் பார்க்க வைத்துத்தான் விருந்தாளிக்குப் படைப்பார்கள். அந்த ஊரில் ஒரு முழுப் பெண்ணை மறைக்கப் பார்த்தாள் உம்மா.

"மனாலுக்குத் தெரியுமா?"

"அவ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தா."

அதுதான் ருதைனாவுக்குச் சுருக்கென்று தைத்தது. உம்மாவின் பொய்யாவது வாயிலிருந்து வந்தது. தங்கையின் பொய் வாயே திறக்கவில்லை.

அப்போது அண்ணன் நாயிஃப் உள்ளே வந்தான். விஷயம் காதில் விழுந்திருந்தது. "என்ன, போராட்டமா?" என்றான். "இது உன் யூனிவர்சிட்டி மாடிப்படி இல்ல."

போன வருஷம் அங்கே லிஃப்ட் ஆறு மாதம் பழுதாகிக் கிடந்தது. நான்காம் மாடி வகுப்புக்கு ருதைனாவை இரண்டு காவலாளிகள் மூட்டைபோலத் தூக்கிப் போனார்கள். ஒரு நாள் அவள் முதல் படியில் உட்கார்ந்தாள். "யாரும் என்னைத் தூக்க வேணாம், லிஃப்டைத் தூக்குங்க" என்றாள். கண் தெரியாத ஒரு பையனும் சக்கர நாற்காலியில் வரும் இரண்டு பெண்களும் கூட உட்கார்ந்தார்கள். பதினேழாம் நாள் லிஃப்ட் ஓடியது.

"நான் அத்தை வீட்டுக்குப் போகலை" என்றாள் ருதைனா. "என் வீட்லதான்…"

"உன் வீட்லதான் இருப்ப, பின்கட்டு ரூம்ல" என்று முடித்தான் நாயிஃப். "சத்தம் காட்டாம."

வாப்பா அபூ நாயிஃப் அன்று இரவு சாப்பாட்டில் தயிரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். பெரிய மகளுக்கு அவர் சொன்ன நியாயம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் முற்றத்தில் பந்தல் ஏறியது. வாடகைக்கு வந்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் நூற்றைம்பது. ஐந்தாறு பழசாகிக் கை உடைந்து கிடந்தன. நல்லதைப் பந்தலில் போட்டு, உடைந்ததை நாயிஃப் பின்கட்டுக்கு அனுப்பினான். அவன் மனதில் எது எது பின்கட்டுக்குப் போக வேண்டும் என்ற கணக்கு தெளிவாக இருந்தது.

இரண்டரைக்கு அவன் அறைக்கு வந்தான். சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோல்களை எடுத்தான்.

"எங்க கொண்டு போற?"

"கார்ல இருக்கட்டும். சாயங்காலம் தரேன்."

"நாயிஃப். கட்டையைக் கீழ வை."

"உன் நல்லதுக்குத்தான். கோபத்துல நீ ஏதாவது பண்ணிடுவ, அப்புறம் காலமெல்லாம் மனால் முகத்துல முழிக்க முடியாது."

கதவை வெளியே பூட்டினான். கார் டிக்கி மூடும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் கால்களைக் கழற்றிக் கார் டிக்கியில் போட்டுவிட்டு, அண்ணன் விருந்தாளிகளை வரவேற்கப் போனான்.

ருதைனா அழவில்லை. அழுதால், பாவம் என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பற்களைக் கடித்தாள்.

மூன்று மணிக்கு வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. மைக் கரகரத்தது. அப்போது கதவுக்கு வெளியே பட்டுத்துணி உரசியது.

"அக்கா."

"போ மனால். மை கலைஞ்சிடும்."

"எனக்கு ஒண்ணும் தோணல அன்னைக்கு. உம்மா சொல்லிட்டாங்க. நான் எப்படி அவங்களைப் பொய்க்காரின்னு…"

"உன் கல்யாணத்துக்கு அப்புறம்… நான் உன்னைப் பார்க்க வந்தா… என்னன்னு சொல்லுவ? வேலைக்காரின்னா?"

மனால் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். "முஹன்னத் போன்ல கேட்டார். உனக்குக் கூடப் பிறந்தவங்க யார் யார்னு. நாயிஃப் மட்டும்னேன்."

"நல்லா இரு."

"அப்படிச் சொல்லாதக்கா."

அந்த நேரத்தில் மைக்கில் துர்கி பாஷாவின் குரல் எழுந்தது. அடுத்த தெருவுக்கே கேட்கும் குரல். "அபூ நாயிஃபின் ஒரே மகளை, இந்த வீட்டின் ஒற்றை முத்தை, எங்கள் பிள்ளை முஹன்னதுக்குக் கேட்டு வந்திருக்கிறோம். அதற்குப் பதில் தெரியும் வரை உங்கள் கஹ்வாவைத் தொட மாட்டோம்." கோப்பையைக் கீழே வைக்கும் முறை அது. பெண் கேட்டு வந்தவர் முதல் கோப்பைக் காப்பியை வாங்கிக் குடிக்காமல் வைத்துவிடுவார். "குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு" என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் எடுப்பார். அப்படி வைத்த கோப்பையைப் பதிலில்லாமல் ஆறவிட்டால் அந்த வீட்டுப் பேர் போயிற்று.

"ஒரே மகள்" என்றாள் ருதைனா கதவைப் பார்த்து. "கேட்டியா?"

அந்தப் பக்கம் ஓட்டமாக ஒரு சத்தம். பிறகு பூட்டில் சாவி நுழைந்தது. அந்த வீட்டில் எல்லா உள்கதவுக்கும் ஒரே சாவிதான். சமையலறைச் சாவி எதையும் திறக்கும். நாயிஃபுக்கு அது தெரியாது. சமையலறைக் கதவை அவன் ஒரு நாளும் பூட்டியதில்லை.

மனாலின் கன்னத்தில் மை இரண்டு கோடாக இறங்கியிருந்தது. "நான் கூட வர முடியாதுக்கா. ஆம்பளைங்க."

"நீ வர வேணாம். அந்த நாற்காலியை… இப்படித் தள்ளு."

கை உடைந்த ஒரு வெள்ளை நாற்காலி. ருதைனா அதன் முதுகைப் பிடித்து எழுந்தாள். தள்ளினாள், ஒரு அடி வைத்தாள். தள்ளினாள், ஒரு அடி வைத்தாள்.

வாப்பா பதில் சொல்லத் தொடங்கியிருந்தார். அந்தப் பதில் நீளமானது. முதலில் இறைவனைப் புகழ வேண்டும், பிறகு வந்தவர்களின் முப்பாட்டன்களை, பிறகு பாஷாவின் மார்பில் ஏறிய பதக்கங்களை. அவர் முப்பாட்டன்களில் இருந்தபோது சிமெண்டுத் தரையில் நாற்காலிக் கால்கள் கிரீச்சிட்டன. பதக்கங்களுக்கு வந்தபோது எல்லாத் தலையும் திரும்பியிருந்தது.

நூறு ஆண்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்குள் ஒரு பெண், வியர்த்து, முக்காடு சரிந்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாயிஃப் பாய்ந்து வந்து முழங்கையைப் பிடித்தான்.

"உள்ள போ" என்றான் பல்லுக்குள்.

"தொடு. விழறேன். எல்லார் முன்னாடியும்… விழறேன்."

அவன் கை தானாக விட்டது.

பாஷாவுக்கும் வாப்பாவுக்கும் நடுவில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியபடி சுற்றிப் பார்த்தாள். கஹ்வா பாத்திரத்தோடு நின்றவன் பெரியப்பா மகன் ஆயித்.

"ஆயித். எனக்கு ஊத்து."

சபையில் உட்கார்ந்து கேட்டவருக்கு இல்லை என்று சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் ஏழு தலைமுறையாக இல்லை. புத்தி தடுக்கும் முன் ஆயித்தின் கை ஊற்றிவிட்டது. அவள் கோப்பையை வாங்கினாள், குனிந்து, பாஷாவின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வாப்பா. எனக்கு உங்ககிட்ட… ஒரு கோரிக்கை."

"மகளே, உடம்பு சரியில்லையா உனக்கு, அப்புறம் பேச…"

"நான் இன்னும்… முடிக்கலை."

வாப்பா வாயை மூடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பேச்சுக்கு நூறு பேர் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அதற்கு வேண்டிய நேரம் எடுத்துத்தான் சொன்னாள்.

"உங்களுக்கு எத்தனை மகள்? அவங்க பேர் என்ன? மைக்ல சொல்லுங்க. சொல்ற வரைக்கும்… நான் குடிக்க மாட்டேன்."

மாப்பிள்ளையின் வாப்பா பாதி எழுந்தார். "எங்க வீட்டுப் பெண்டுங்ககிட்ட ஒண்ணுன்னு சொன்னீங்க. இப்ப இது யாரு?"

"நல்லாக் கேட்டீங்க மாமா" என்றாள் ருதைனா. "நான்தான் பின்கட்டு ரூம். இவரு கதவு, இவன் பூட்டு." வாப்பாவையும் அண்ணனையும் காட்டினாள். பிறகு வரிசை வரிசையாகப் பார்த்தாள். "நீங்க எல்லாம் புறப்படறப்போ… உங்க வீட்ல யாரை உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்தீங்க?"

மூன்றாம் வரிசையில் ஒருவர் தன் செருப்பையே பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்தார்.

"பொண்ணு கொஞ்சம் வாயாடி போல" என்று யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு எடுபடவில்லை.

"கிளம்பலாம்" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

"உட்காருங்க வாப்பா." பின்வரிசையில் இருந்து வந்த குரல். ஜாஹாவில் வாய் திறக்கவே கூடாதவன், மாப்பிள்ளை முஹன்னத். முகம் சிவந்திருந்தது. "வச்ச கோப்பைக்குப் பதில் வராம எழுந்திருக்கக் கூடாது. ரெண்டு கோப்பை இருக்கு."

எல்லாக் கண்ணும் அபூ நாயிஃபிடம் போனது. இறைவனும் முப்பாட்டன்களும் பதக்கங்களும் அவர் நாவைவிட்டுப் போயிருந்தார்கள்.

"ரெண்டு" என்றார்.

"மைக்ல."

"எனக்கு ரெண்டு மகள்." ஒலிபெருக்கி அதை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனது. "பெரியவ ருதைனா. சின்னவ மனால். பெரியவளை நாங்க… ஒளிச்சு வச்சோம். பொய் சொன்னோம்."

உள்ளே சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. உம்மாவாக இருக்கும்.

துர்கி பாஷா மீசையைத் தடவினார். பட்டாளத்தில் இப்படி ஒரு சிக்கல் அவருக்கு வந்ததில்லை. "சரி அபூ நாயிஃப்" என்றார் எரிச்சலோடு. "அந்தக் கோப்பைக்குப் பதில் ஆச்சு. எங்க கோப்பைக்கு?"

வாப்பா பெரிய மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"குடிங்க பாஷா" என்றார். "கேட்டது கிடைச்சாச்சு."

பாஷா கோப்பையை எடுத்தார். அது எப்போதோ ஆறியிருந்தது. முகத்தைச் சுளிக்காமல் ஒரே மடக்கில் குடித்தார். முறை என்றால் முறை. பின்னால் நூறு தொண்டைகள் மூச்சு விட்டன, யாரோ வாழ்த்துச் சொன்னார்கள், பேச்சு மெல்ல எழுந்தது.

"நீயும் குடிம்மா" என்றார் வாப்பா தாழ்ந்த குரலில். "சொல்லிட்டேன்ல."

நன்றி எதிர்பார்க்கும் குரல் அது. தயிர்க் கிண்ணத்தை நகர்த்தி வைக்கும் அதே குரல்.

ருதைனா கீழே இருந்த கோப்பையை எடுத்து, அதில் இருந்ததை நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கொட்டினாள்.

"ஆறிப்போச்சு வாப்பா. நம்ம வீட்ல… யாருக்கும் ஆறின கஹ்வா கொடுக்கறதில்லை. ஆயித்."

ஆயித் வந்து ஊற்றினான். ஆவி பறந்தது. ஏலக்காயும் கசப்புமாக நாக்கைச் சுட்டது. குடித்து முடித்தாள்.

போதும் என்றால் கோப்பையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டும் வரை ஊற்றுகிறவன் நகரக் கூடாது. ஆயித் நின்றான். நாயிஃப் கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி, ஊன்றுகோலை எடுத்து வரப் போவதா வேண்டாமா என்று பந்தல் ஓரத்தில் தவித்துக்கொண்டிருந்தான்.

ருதைனா கோப்பையை ஆட்டவில்லை. அப்படியே நீட்டினாள்.

"இன்னும் ஊத்து."