இன்னாசித்தம்பியின் மணிக்கட்டு

1928ஆம் ஆண்டு தை மாதம் பன்னிரண்டாம் திகதி விடியற்புறம், குருநகர் இன்னாசித்தம்பியின் வலது கை முழங்கைக்குக் கீழே செம்பாகிவிட்டது. அன்று வலையில் நல்ல பாரை பட்டிருந்ததால் மீனை இறக்கி முடிக்கும்வரை அதை யாரும் கவனிக்கவில்லை. நோவு இல்லை. விரல்கள் முன்போலவே மடங்கின, விரிந்தன. எதைத் தொட்டாலும் தொட்டது மட்டும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்குத்தர் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல செம்பு என்றார். காரணம் தேடித் திரிந்த சனம் ஒரு மாதத்தில் களைத்துப்போனது. கை பாரமென்றபடியால் வள்ளம் வலப்பக்கம் சாய்ந்தது. அவனை இடப்பக்கம் இருத்தினார்கள், சரியாகிவிட்டது. கலியாண வீடுகளில் நண்டுக்கால் உடைக்க அவனைத்தான் கூப்பிட்டார்கள். மனைவி அன்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையில் பச்சைக் களிம்பு ஏறி அது நெஞ்சுவரை போய்விடுமோ என்ற பயத்தில், கோயிலில் அந்தோனியாரின் விளக்கு எண்ணெயை வாங்கி வந்து பின்னேரந்தோறும் பூசினாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. 1930இல், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய தபசுகாலத்தில், அலை தூக்கிய வள்ளத்துக்கும் துறைக் கல்லுக்கும் நடுவில் அகப்பட்டு, மணிக்கட்டோடு கை முறிந்து முழங்காலளவு தண்ணீரில் விழுந்தது. இன்னாசித்தம்பி அதை இடது கையால் எடுத்து ஓலைக் கடகத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கனிசியஸ் கெட்ட மனிதர் அல்ல, ஆனால் கணக்கான மனிதர். “உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பாக்கிறன். அதுக்குப் பிறகும் ஒரு கையன் எண்டால் உன்ரை இடத்துக்கு வேறை ஆள்தான்” என்று சொல்லிவிட்டார். கடலைத் தவிர வேறொன்றும் தெரியாதவனுக்கு அந்த இடம் போனால் எல்லாம் போன மாதிரித்தான். இன்னாசித்தம்பி அழவில்லை. “கை கடகத்திலை கிடக்குது. ஒட்டத்தானே வேணும்” என்றான்.

பாத்திரம் திருத்துகிறவன் ஈயம் வைத்துத் தருவதாகச் சொன்னான். வலை இழுக்கும் இழுவைக்கு ஈயம் நிற்காது. கொல்லன் ஆணி அடிக்கலாம் என்றான். கடைசியில் புருஷனும் பெண்சாதியும் கடகத்தோடு கன்னாதிட்டிக்கு நடந்து, நகைவேலை செய்யும் பொன்னம்பலப் பத்தரின் பட்டறைக்கு வந்தார்கள். பத்தர் முறிவை நெடுநேரம் பார்த்தார். செம்பைச் செம்போடு பொருத்த வெள்ளியை உருக்கி ஒட்டும் பற்றாசுதான் சரி என்றார். அன்னம்மா தன் வெள்ளிக் காற்சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் கொஞ்சம் பித்தளையோடு உருக்கித் தகடாக அடித்து எள்ளளவு துண்டுகளாக வெட்டினார். வெள்ளி ஓடுவதற்கு வெங்காரத்தைக் குழைத்து முறிவில் பூசி ஊதுகுழலை எடுத்தார். ஆளைச் சுட்டுவிடுவேனோ என்ற பயத்தில் முறிந்த கையை மட்டும் காய்ச்சினார். வெள்ளி சூடான பக்கமே ஓடி அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாம் தரம் துணிந்து இரண்டு பக்கமும் காய்ச்சினார். வெள்ளி சேம்பிலைத் தண்ணீர் மாதிரி உருண்டு கீழே விழுந்தது. பத்தர் மணிக்கட்டை மோந்து பார்த்தார்.

“என்ன பூசினனீங்கள்?”

அன்னம்மா சொன்னாள். முறிந்த நாள் தொடக்கம் முறிவுக்குள்ளும் விட்டுத் தேய்த்ததாகச் சொன்னாள்.

“எண்ணெய் பட்ட இடத்திலை வெள்ளி ஓடாது, பிள்ளை. அந்தோனியாரின்ரை எண்டாலும் எண்ணெய் எண்ணெய்தான். கழுவவேணும்.”

“கழுவினால் அவர் கோவிக்க மாட்டாரோ?”

“கோவிச்சால் என்னோடை கோவிக்கட்டும். நான் வேறை சமயம்.”

அன்னம்மா இரண்டு நாள் யோசித்தாள். இரண்டு வருடம் தன் புருஷனைக் காப்பாற்றியது அந்த எண்ணெய்தான் என்று அவள் மெய்யாகவே நம்பியிருந்தாள். உயிர்த்த ஞாயிற்றுக்கு மூன்று நாள் முந்திய பெரிய வியாழக்கிழமை காலையில் புளியும் சாம்பலும் எடுத்து, அழுதழுது, செம்பு சிவக்கும்வரை தானே தேய்த்துக் கழுவினாள்.

அன்று மத்தியானம் பத்தர் சூடு மேலே ஏறாதபடி முழங்கையில் ஈர வாழைத்தண்டைச் சுற்றிக் கட்டினார். அவருடைய ஒரு கையில் ஊதுகுழல், மற்றதில் குறடு. முறிந்த கையைப் பொருத்திப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. அன்னம்மா ஈரச் சாக்கால் சுற்றி அந்த விரல்களைப் பிடித்தாள். மயிரிழை அசைந்தாலும் பொருத்து விட்டுப்போகும் என்று பத்தர் சொல்லியிருந்தார். செம்பு மங்கிச் சிவந்தது. வாழைத்தண்டு கொதித்து ஆவி பறந்தது. இன்னாசித்தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு, “நிப்பாட்டாதேங்கோ பத்தர், ஊதுங்கோ” என்றான். சாக்கு உலர்ந்து புகைந்தது. அன்னம்மா விடவில்லை. திடீரென வெள்ளி முறிவு முழுக்க ஒரே ஓட்டமாக ஓடி மூடிக்கொண்டது. அது இறுகும்வரையும் அவள் விடவில்லை. பிறகு தன் கையை லேஞ்சித் துணியால் சுற்றிக்கொண்டு, மீன்வெட்டும் கத்தி பட்டுவிட்டது என்று வீட்டில் சொன்னாள்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் இன்னாசித்தம்பி கடலுக்குப் போனான். வலை நிறைந்து வந்தது, பொருத்து நின்றது, கனிசியஸ் அவனுடைய இடத்தைக் கை காட்டினார். பின்னேரம் மீன் கழுவிக்கொண்டிருந்த அன்னம்மா, லேஞ்சி இல்லாததை மறந்து ஓடிவந்து, பொருத்து விட்டுப்போயிருக்கிறதா என்று அவன் மணிக்கட்டைப் பொத்திப் பிடித்தாள். அவன் திடுக்கிட்டான். கை இன்னும் செம்புதான். ஆனால் சுற்றிவர நூலளவு ஓடியிருந்த அந்த வெள்ளிக் கோட்டில் மட்டும் அவனுக்கு உணர்ச்சி இருந்தது.

“உன்ரை உள்ளங்கை எல்லாம் கொப்பளிச்சுக் கிடக்குது” என்றான். “எனக்கேன் சொல்லேல்லை?”

உலக யுத்தம் வந்து, மண்ணெண்ணெயைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலத்திலும் அவன் வலை இழுத்துக்கொண்டிருந்தான். தனக்குக் காய்ச்சலோ கவலையோ, அவன் மணிக்கட்டைத் தொட்டால் மனுஷனுக்குத் தெரிந்துவிடுகிறது, ஒன்றையும் ஒளிக்க முடியவில்லை என்று அன்னம்மா மீன் சந்தையில் முறையிடுவாள். தங்கள் புருஷன்மாரின் கையிலும் அப்படி ஒரு கோடு இருந்தால் நல்லதுதான் என்று சொல்லிவிட்டு, பெண்கள் சூடை மீனுக்கு விலை கேட்பார்கள்.