சப்வே வாசலில் ஓர் அறை

ஓட்டலின் படத்தைச் சுதா கைபேசியில் மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தாள். முதலில் பார்த்தபோது கட்டடம் மட்டுமே கண்ணில் பட்டிருந்தது. இப்போது அதன் அருகில் இருந்ததும் தெரிந்தது.

"பாவா, ஓட்டலுக்குப் பக்கத்துல ரோடு கீழ எறங்குதே, மேல ரயில் பாலம். இது இன்னா?"

"அதான் சப்வே." டில்லிபாபுவின் குரலில் பெருமிதம் இருந்தது. "அந்தம்மா கேட்டாங்கள்ல, டிசைன் ஓட்டலா இருக்கணும், சப்வேக்குப் பக்கத்துல இருக்கணும்னு. மெட்ராஸ்ல இருக்கிற சப்வே எல்லாத்தையும் மேப்புல போட்டுத் தேடுனேன். வாசப்படி எறங்குனா சப்வேதான்."

டில்லிபாபு சுதாவின் அக்காள் கணவன். திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே டிராவல்ஸ் நடத்தி வந்தான். நியூயார்க்கிலிருந்து துணி வாங்க வரும் எலனுக்குச் சென்னையில் அறை பிடிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்திருந்தாள் சுதா. ஒப்படைத்தபின் விசாரிக்கவில்லை. பொதட்டூர்பேட்டையில் அவளுக்குத் தறி வேலை இருந்தது. இன்றுதான் அவன் கடைக்கு வந்திருந்தாள்.

அந்த வேலைதான் இப்போது எலனின் வருகையை நம்பி நின்றது. பல ஆண்டுகளாக வியாபாரி நாகேந்திரன் கொடுத்த நூலில், அவர் சொன்ன கட்டத்தில், அவர் பெயர் ஒட்டுவதற்கான லுங்கிகளையே சுதாவின் விசைத்தறிகள் நெய்துகொண்டிருந்தன. இவ்வாண்டு அவள் தானே வகுத்த கட்டங்களில் சில துண்டுகளை நெய்து எலனுக்கு அனுப்பினாள். நேரில் பார்த்து முடிவு செய்வதாக எலன் எழுதினார். அதை நம்பி, நாகேந்திரனிடம் இனி நூல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எலன் வெறுங்கையோடு திரும்பினால் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் நூல் கொடுப்பார். கொடுக்கும்போது என்ன சொல்வார் என்பதும் சுதாவுக்குத் தெரியும்.

விடியற்காலையில் தொடங்கிய மழை விடவில்லை. விமானம் இறங்கும் வேளை நெருங்கிக்கொண்டிருந்தது. விமான நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ஓட்டுநர் வேதாசலம் அழைத்தான். டில்லிபாபு ஒலிபெருக்கியை அழுத்தினான்.

"அண்ணா, வழியில அந்த ஓட்டலை ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். சப்வே ரொம்பிகினு கீது. தடுப்பு வெச்சு மூடிட்டாங்க. உள்ள ஒரு பஸ்ஸு நிக்குது, ஜன்னல் வரைக்கும் தண்ணி."

"சரி, நீ ஏர்போர்ட்டுக்குப் போ. சுத்தி வர வழியப் பாக்கலாம்." டில்லிபாபு அழைப்பைத் துண்டித்துவிட்டுச் சலித்துக்கொண்டான். "மழ பேஞ்சா சப்வே ரொம்பத்தான் செய்யும். உலகத்துல எத்தினியோ எடம் இருக்க, இந்தம்மா எதுக்குத்தான் சப்வே பக்கத்துல கேட்டாங்களோ?"

அவன் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. சுதாவுக்கோ அந்தக் கேள்வி உறைத்தது. எதற்குக் கேட்டார்?

"அவங்க பேசி அனுப்பினத போடு பாவா."

எலனின் குரல் நிதானமாக வந்தது. காரின் பின்னிருக்கையில் அமர்ந்தால் தமக்குத் தலை சுற்றும் என்றார். ஆகவே எந்த ஊரிலும் தாம் 'பை சப்வே'தான் என்றார். வடிவமைப்பில் அக்கறை கொண்ட ஓட்டலாக இருந்தால் மகிழ்ச்சி என்றார். கடைசியாக, முன்பு துணி வாங்கிய இடத்தை விட்டுவிட்டதற்கான காரணத்தையும் சொன்னார்: தாம் சொல்வதை அவர்கள் காதில் வாங்கவில்லை.

"பை சப்வேன்னா இன்னா பாவா?"

"சப்வே பக்கத்துல. இதுகூட ஸ்கூல்ல படிக்கலியா நீ?"

"பை பஸ்னா?"

"பஸ்ஸுல."

"பை ட்ரெயின்னா?"

"ட்ரெயின்ல." சொன்னவன் வாயை மூட மறந்தான்.

சப்வே என்பது அவர்கள் இருவருக்கும் ஓர் இடம். அதில் நுழையலாம், கடக்கலாம், மழைநாளில் சிக்கிக்கொள்ளலாம். ஏறி உட்கார முடியாது. எலனின் சப்வேயில் ஏறி உட்காரலாம்.

"மெட்ரோ ரயிலு," என்றான் டில்லிபாபு, மிக மெதுவாக. "அடக் கடவுளே. அப்ப கார் வாணாம்னாங்களே, அது..."

"நெசமாவே வாணாம்னுதான் சொல்லிகிறாங்க. நீ கார் அனுப்பிகிற, தண்ணிக்குள்ள கூட்டிகினு போறதுக்கு."

சுதா எலனின் எண்ணை அழைத்தாள். கைபேசி அணைந்திருந்தது. விமானம் இன்னும் வானத்தில் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

டில்லிபாபு கணினிப் பக்கம் திரும்பினான். முகூர்த்த நாள், மெட்ரோவை ஒட்டிய நல்ல ஓட்டல்கள் நிறைந்திருந்தன. அறை காலியாகச் சிக்கியவை இரண்டே. இரண்டும் தம்மை டிசைன் ஓட்டல் என்றே சொல்லிக்கொண்டன. ஒன்று கடற்கரைச் சாலையில் கண்ணாடித் தூண்களும் தொங்கும் விளக்குகளுமாக இருந்தது. மெட்ரோ நிலையத்துக்குப் பத்து நிமிடம் என்று அதன் விளம்பரம் சொன்னது. எதில் போனால் பத்து நிமிடம் என்று சொல்லவில்லை. மற்றது மெட்ரோ படிக்கட்டுக்கு நேர் எதிரே, சிவப்புத் தரையும் வெள்ளைச் சுவருமாகச் சிறியது.

"பெருசையே போடுவோம். டிசைன் பாக்கிறவங்க. இது பாரு, ஆஸ்பத்திரி மாதிரி கீது."

சுதா இரண்டு ஓட்டல்களின் படுக்கையறைப் படங்களையும் பெரிதாக்கினாள். கண்ணாடித் தூண் ஓட்டலின் திரைச்சீலை கட்டம் போட்டது. இரு பகுதிகளை மூட்டிய இடத்தில் கட்டங்கள் ஒன்றோடொன்று சேராமல் படியாக இறங்கின. சிறிய ஓட்டலின் விரிப்பிலும் கட்டம் இருந்தது. மூட்டு எங்கே என்று அவள் தேட வேண்டியிருந்தது. கோடுகள் குறுக்கே தடையின்றி ஓடின. லுங்கியை மூட்டுகிறவள் இப்படிச் சேர்க்கப் பழகுவதற்குள் எத்தனையோ வசவு வாங்கியிருப்பாள். அந்த ஓட்டலில் யாரோ வசவு வாங்கி அல்லது கொடுத்து இதைச் செய்திருக்கிறார்கள்.

"இது."

"யோசிச்சு சொல்லு."

"யோசிச்சாச்சு பாவா. போன் பண்ணு."

சிறிய ஓட்டலில் ஓர் அறைதான் மிச்சம். விருந்தினர் நேரில் வரும்வரை உறுதி சொல்ல இயலாது, வேறு யாராவது முன்னால் வந்தால் கொடுத்துவிடுவோம் என்றார் வரவேற்பில் இருந்த பெண். மரியாதையாகவே சொன்னார்.

"இப்ப அந்தம்மாவுக்கு இன்னா சொல்றது?" டில்லிபாபு குரலைத் தாழ்த்தினான். "முதல் ஓட்டல்ல கரண்டு போச்சு, அதனால மாத்தினோம்னு சொல்லிடலாம். மழைதானே, நம்புவாங்க."

நம்புவார் என்பதில் சுதாவுக்கும் ஐயமில்லை. அதுதான் அவளைத் தயங்க வைத்தது. காதில் வாங்காதவர்களை விட்டு வந்தவர் எலன். காதில் வாங்கித் தவறாகப் புரிந்துகொண்டோம் என்றால் மன்னிப்பாரா? தெரியாது. அவள் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, எழுதினாள்: 'எங்கள் ஊரில் சப்வே என்றால் ரயில் பாதைக்கு அடியில் போகும் சாலை. அதன் பக்கத்தில் உங்களுக்கு அறை எடுத்துவிட்டோம். இன்று அதில் வெள்ளம். தவறு எங்களுடையது. காரில் ஏறாதீர்கள். ரயிலில் இந்த நிலையத்தில் இறங்குங்கள். எதிரே அறை இருக்கிறது.'

அனுப்பினாள். ஒற்றைக் குறி விழுந்தது, போய்ச் சேர்ந்ததைக் காட்டும் இரட்டைக் குறியாகவில்லை.

மழை ஷட்டரில் அடித்தது. ஆர்.கே.பேட்டை பேருந்து ஒன்று வாசலில் சேற்றைத் தெளித்துவிட்டுப் போனது. வேதாசலம் மறுபடியும் அழைத்தான்.

"அண்ணா, அவங்க வந்தாங்க. போர்டைப் பாத்தாங்க. காரைக் காட்டினேன், கையெடுத்துக் கும்புட்டுட்டு வேகமா போய்கினே இருக்காங்க."

"எந்தப் பக்கம்யா?"

"மெட்ரோ பக்கம்."

"போனைப் பாத்தாங்களா?"

"எங்க பாத்தாங்க? பையை இழுத்துகினு போறாங்க."

செய்தியைப் படிக்காவிட்டால் எலன் பழைய ஓட்டலைத் தேடுவார். அதன் அருகே மெட்ரோ இல்லை, வெள்ளம் இருந்தது. சுதா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குறி இரட்டையானது. படித்ததைக் காட்டும் நீலமாகவில்லை. டில்லிபாபு இரண்டு தேநீர் வரவழைத்தான்; இரண்டும் ஆறின. அவள் சிறிய ஓட்டலை அழைத்தாள். இன்னும் யாரும் வரவில்லை என்றார் அந்தப் பெண். அடுத்த முறை அழைத்தபோது, அறையைக் கேட்டு ஒரு குடும்பம் வந்து நிற்பதாகச் சொன்னார்.

"கொஞ்சம் நிக்க வெய்ம்மா. வந்துகினே இருக்காங்க," என்றாள் சுதா. அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது.

குறிகள் நீலமாயின.

எலனின் பதில் குரலாகவே வந்தது: படித்துவிட்டார், சொன்ன நிலையத்திலேயே இறங்குகிறார். பின்னணியில் ரயில் கதவு மூடும் ஓசை கேட்டது. பிறகு, நெடுநேரம் கழித்து, இன்னொரு குரல் செய்தி வந்தது.

"அறையில் இருக்கிறேன். விரிப்பை நெய்தவர் யாரென்று கேட்க வேண்டும். உன் செய்தியை ரயிலில் மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன், சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீ அனுப்பிய விவரத்தில் 'ரோஸ்' என்று ஒரு நிறம் இருக்கிறது. அதன் துண்டு எனக்கு வரவில்லை. உன் ரோஸ் எது?"

டில்லிபாபு நிம்மதியாகச் சிரித்தான். "ரோஸ்னா ரோஸ்தான். இதுல இன்னா சந்தேகம்?"

சுதா அவனைப் பார்த்தாள்.

"சப்வேலயும் நமக்குச் சந்தேகமே இல்ல பாவா."

அவன் சிரிப்பு நின்றது. தறியில் ஏறியிருந்த பாவு நூல் அவள் கண்முன் வந்தது. கோயில் கடைத்தெருவில் தொங்கும் ரிப்பன்களின் அந்த ரோஸ், கண்ணைப் பறிக்கும் ரோஸ். எலன் மனத்தில் இருப்பது வாடிய இதழின் நிறமாக இருக்கலாம். அதுவும் ரோஸ்தான்.

"காலையில மெட்ராஸுக்கு மொத வண்டி எப்பன்னு பாரு."

"காரு கீதே. நானே கொண்டு விடறேன்."

"வாணாம். தறியில ஓடினவரைக்கும் அறுத்து எடுத்துகினு ட்ரெயின்ல போறேன். அவங்க வழியிலயே போய்க் காட்டுறேன்."

எலனுக்கு அவள் ஒரு வரிதான் எழுதினாள்: 'சொல்ல மாட்டேன். கொண்டு வருகிறேன்.'